பீசா வந்தால் கண்ணை மூடு

லிவோர்னோ
மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை

மெல்பர்னில் இருக்கும் என் அன்புத் தங்கை யோலாந்தாவுக்கு அண்ணன் சீரியோ ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே நான் சுகம். உன் அண்ணி எல்வீரா என்னைவிட ஒரு பங்கு கூடுதல் சுகம். அந்தக் கூடுதலை என்னைத் திட்டுவதில் செலவழித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். உன் வீட்டுக்காரனும் சுகமாக இருக்கட்டும். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கமும் இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் பக்கத்துக்குப் பின்னால் நாலைந்து வரி வேறு கையெழுத்தில் இருந்தது. கோணல்மாணலாக இருந்ததைப் பார்த்ததுமே அவன் எழுதியது என்று தெரிந்துவிட்டது. நம் குடும்ப வழக்கப்படி அதைப் படிக்கவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எழுபத்தோரு வயதில் ஒரு பீசாக்காரன் கையெழுத்தைப் படிக்க ஆரம்பித்தால் கண்ணுக்கு நல்லதில்லை. மடித்து எல்வீராவின் உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பத்திரமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் பதினான்காம் தேதி காலை எட்டு மணிக்கு உங்கள் உல்லாசக் கப்பல் இங்கே கட்டுகிறது, மாலை ஆறுக்குக் கிளம்பிவிடும், ஒரே ஒரு பகல்தான், கப்பல்காரர்கள் ஒரு ஃபாரம் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஃப்ளோரன்ஸ், லூக்கா, பீசா, துறைமுகத்திலேயே ஓய்வு என்று நான்கு கட்டம் இருக்கிறது, ஒன்றில் குறி போட்டு அனுப்ப வேண்டும், எதில் போடுவது என்று நீயே சொல் அண்ணா என்று கேட்டிருக்கிறாய். அந்த நான்கில் 'அண்ணன் வீடு' என்று ஒரு கட்டம் இல்லை என்பதைக் கவனித்தேன். ஃபாரம் அச்சடித்தவர்களுக்கு என்னைத் தெரியாது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் நீயும், 'உனக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டோம், முடிந்தால் துறைமுக வாசலுக்கு வா, ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதியிருக்கிறாய். சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

முப்பத்தெட்டு வருஷம் நான் பார்த்த வேலை உனக்குத் தெரியும். கப்பலிலிருந்து வீசுகிற கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரையிலுள்ள இரும்புத் தூணில் மாட்டுவேன். மாட்டிவிட்டு நிமிர்ந்தால் ஏணி இறங்கும், ஏணியில் ஜனங்கள் இறங்குவார்கள், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் சட்டையில் ஒட்டிய நம்பருமாக வரிசையில் நின்று பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். ஒன்று ஃப்ளோரன்ஸ், இல்லாவிட்டால் அந்த இன்னொரு ஊர். லிவோர்னோ என்று ஓர் ஊர் இருக்கிறது, அதிலும் மனிதர்கள் துணி காயப்போடுகிறார்கள் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மாலையில் வெயிலில் வெந்து திரும்புவார்கள். நான் கயிற்றைக் கழற்றிவிடுவேன். கப்பல் சத்தமில்லாமல் நகரும், துறைமுகத்துத் தண்ணீர் கொஞ்ச நேரம் எண்ணெய் பூசின மாதிரி மினுங்கிவிட்டு அடங்கும், நான் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். பகல் முழுக்க அவர்கள் எங்கே போனார்கள், என்ன பார்த்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நீ கல்யாணம் செய்துகொண்டு ஆஸ்திரேலியா போய் நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. அப்பா சாவுக்குத் தனியாக வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனதை விட்டால் இதுதான் நீ வருவது. உன்னை எனக்கே தெரியாத ஊருக்கு எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவது? அதனால் நானும் எல்வீராவும் ஒவ்வொரு ஊராகப் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். காலை எட்டுக்குத் துறைமுக வாசலிலிருந்து கிளம்ப வேண்டும், மாலை ஐந்தரைக்கு அதே வாசலில் வந்து நிற்க வேண்டும். கப்பல் யாருக்காகவும் காத்திராது. அதை என்னைவிட நன்றாக அறிந்தவன் யார்?

உன் வீட்டுக்காரன் ரனியேரிக்கு நோய் வந்த பிறகு இடது கால் இழுக்கிறது, வேகமாக நடக்க முடியாது என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதனால் நானும் இடது காலை இழுத்துக்கொண்டே போவதென்று தீர்மானித்தேன். நேரம் சரியாகத் தெரிய வேண்டுமே, அதற்காகத்தான். வேறு ஒன்றும் இல்லை. எல்வீராவுக்கு இது பிடிக்கவில்லை.

“ஏங்க, நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க?”

“கால் இழுக்கிறவன்னு நினைப்பாங்க.”

“எந்தக் கால்னு ஞாபகம் வச்சுக்குங்க. நேத்து கூடத்துல ஒத்திகை பாத்தப்ப வலது காலை இழுத்தீங்க.”

முதலில் ஃப்ளோரன்ஸ். ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். நம் ஊரிலிருந்து வடக்கே போனாலும் கிழக்கே போனாலும் பதினைந்தாவது நிமிஷம் பீசா நிலையம் வந்துவிடும். கடவுள் நம் ஊர்க்காரர்களைச் சோதிப்பதற்கென்றே போட்ட தண்டவாளம் அது. உனக்கு ஞாபகம் இருக்கும், நம்மைத் தாத்தா வீட்டுக்கு ரயிலில் கூட்டிப்போகும்போதெல்லாம் அப்பா தொப்பியைக் கழற்றி நம் இரண்டு பேர் முகத்தையும் சேர்த்து மூடுவார். “பீசா வந்துருச்சு, கண்ணை மூடுங்க. அந்த ஊரைப் பாக்கறதும் பாவம்.” எழுநூறு வருஷத்துப் பகை என்று சொல்வார். “எழுநூறு வருஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த ஊர்ல இவர் சைக்கிள் தொலைஞ்சுபோச்சு” என்பாள் அம்மா. தொப்பிக்குள் ஒரே எண்ணெய் வாசனை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு “அண்ணா, போயிருச்சா? திறக்கலாமா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். பீசா போய் இரண்டு நிலையம் ஆன பிறகும் “இன்னும் இல்ல” என்று உன்னை ஏமாற்றுவேன். பீசா வந்தால் கண்ணை மூடும் பழக்கம் எனக்கு இன்றுவரை போகவில்லை. வண்டி வேகம் குறையும்போதே கண் தானாக மூடிக்கொண்டுவிடும். அன்றும் மூடினேன். மூடின கண் மூடினபடியே தூங்கிப்போனேன்.

தூக்கத்தில் துறைமுகம் வந்தது. பனி. கப்பல் தெரியவில்லை, ஆனால் பனிக்குள்ளிருந்து கயிறு மட்டும் வந்து என் கையில் விழுந்தது. இழுத்தேன். ஈரமாக, கனமாக வந்துகொண்டே இருந்தது. காலடியில் மலை மாதிரி குவிகிறது, முடிவே இல்லை, அந்தப் பக்கம் யார் விடுகிறார்கள் என்றும் தெரியவில்லை. இழுக்க இழுக்க எனக்குக் கஷ்டமாக இல்லை, சுகமாகவே இருந்தது. எல்வீரா இடித்து எழுப்பியபோது ஃப்ளோரன்ஸ் வந்திருந்தது. கையைப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது.

நிலையத்திலிருந்து பெரிய கோவிலுக்குச் சாதாரண மனுஷன் பத்து நிமிஷத்தில் போவான். இடது காலை இழுத்துக்கொண்டு போனால் முப்பத்தெட்டு நிமிஷம். கூட்டத்தில் நான் தொலைந்துவிடக் கூடாது என்று எல்வீரா தன் சிவப்புக் குடையை என் கையில் கொடுத்து, உயரப் பிடித்துக்கொண்டு நடங்கள் என்றாள். பிடித்துக்கொண்டு நடந்தேன். வெயில் அந்த வெள்ளைப் பச்சைக் கல்லில் பட்டுத் தெருவெல்லாம் பால் கொட்டின மாதிரி இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபடி, வாயைத் திறந்தபடி, எந்தப் பக்கம் போகிறேன் என்றே தெரியாமல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சந்து திரும்பி மூச்சு வாங்க நின்று பின்னால் பார்த்தால், சட்டையில் பதினான்கு என்று நம்பர் ஒட்டிய பதினெட்டுப் பேர் என் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஏதோ கப்பலிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வழிகாட்டி உயரப் பிடிப்பதும் சிவப்புக் குடைதானாம். நான் காலை இழுத்தபடி மெதுவாகப் போனது அந்த வயசானவர்களுக்கு மிகவும் சௌகரியமாக இருந்திருக்கிறது. ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து, இத்தனை ஊர் பார்த்தோம், எங்கள் வேகத்துக்கு நடந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று சைகையிலேயே சொன்னாள். நான் என்ன செய்வேன்? நம்பி வந்தவர்களை நடுத்தெருவில் விட முடியுமா? தள்ளுவண்டியில் மாட்டுக்குடல் வேகவைத்து ரொட்டியில் வைத்துத் தருகிறவனிடம் கூட்டிப்போனேன், ஆளுக்கு ஒன்று சாப்பிட்டார்கள், ஆற்றுச் சுவரோரம் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தோம், இரண்டு பேர் தூங்கியும்விட்டார்கள். மூன்று மணிக்கு அவர்களுடைய நிஜ வழிகாட்டிப் பெண் அழுதுகொண்டே ஓடி வந்தாள். அவளைச் சமாதானப்படுத்தி, பதினெட்டுப் பேரிடமும் விடைபெற்று, அதில் நாலு பேர் என்னைக் கட்டிக்கொண்டு, நாங்கள் துறைமுக வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஏழேகால். நீயாக இருந்தால் கப்பலின் முதுகைத்தான் பார்த்திருப்பாய். ஆகவே ஃப்ளோரன்ஸ் வேண்டாம்.

அடுத்த வாரம் லூக்கா. அமைதியான ஊர், சுற்றிலும் மதில், மதில் மேல் மரம், மரத்தடியில் நடக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாம் சரி, ஆனால் லூக்காவுக்குப் பீசா நிலையத்தில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். யோலாந்தா, நான் ஒளிக்காமல் சொல்கிறேன், எழுபத்தோரு வயதுவரை அந்த நிலையத்தில் என் கால் பட்டதில்லை. எல்வீராவிடம், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், நீ கையைப் பிடித்து அந்த வண்டியில் ஏற்றிவிடு என்றேன். “இத்தனை வருஷமா கண்ணைத் திறந்துக்கிட்டிருந்தப்பவும் நான்தானே கூட்டிட்டுப் போறேன்” என்றாள். இறக்கிவிட்டாள். பிறகு, எந்த நடைமேடை என்று பார்த்து வருகிறேன், இங்கேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நின்றேன். கண்ணை இறுக மூடி, இடது காலைத் தளர்த்தி நின்றேன். யாரோ என் முழங்கையை மெதுவாகப் பிடித்தார்கள். இளம் பெண்ணின் குரல், கையில் சோப்பு வாசனை.

“தாத்தா, தனியாவா வந்தீங்க? எங்க போகணும்?”

வாயைத் திறந்தால் நான் லிவோர்னோக்காரன் என்று தெரிந்துவிடும். பேசவில்லை.

“பேச்சும் வராதா? பாவம். பயப்படாதீங்க. கையால காட்டுங்க, நான் கொண்டு விடறேன்.”

போம்மா, என் வேலையைப் பார்க்க விடு என்று கையை வீசினேன். “ஆத்தோரமா? காத்து வாங்கவா? வாங்க, வாங்க” என்று நடத்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். கண்ணைத் திறந்திருக்கலாம். ஆனால் அவ்வளவு அன்பாகப் பேசுகிற பெண்ணின் முன்னால் திடீரென்று இரண்டு கண்ணையும் திறந்தால் அவள் என்ன நினைப்பாள்? லிவோர்னோக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று அந்த ஊர் முழுக்கப் பேசுவார்கள். நம் ஊர் மானத்தை நினைத்து மூடிக்கொண்டே நடந்தேன். காலையும் இழுத்துத்தான் நடந்தேன். பாதியில் நிறுத்தினால் சந்தேகம் வரும். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். இங்கே ஒரு படி, இங்கே ரொட்டிக் கடை, வாசனை வருதா தாத்தா, இப்ப மணி அடிக்கும் பாருங்க என்று. மணி அடித்தது. நிழல் வருவதும் வெயில் வருவதும் இமைக்கு மேலே சிவப்பும் கறுப்புமாகத் தெரிந்தது. பயமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. கடைசியில் ஒரு கல் பெஞ்சில் உட்காரவைத்து, என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

காலடிச் சத்தம் தேய்ந்த பிறகு கண்ணைத் திறந்தேன்.

எதிரில் ஆறு. அகலமாக, அவசரமில்லாமல் ஒரு வளைவு வளைந்து போய்க்கொண்டிருந்தது. இரு கரையிலும் மஞ்சளும் காவியுமாக வீடுகள் ஆற்றின் வளைவுக்கே வளைந்து நின்றன, எல்லா ஜன்னலும் தண்ணீரில் தலைகீழாக ஆடின. கரையோரம் பொம்மைப் பெட்டி மாதிரி ஒரு சின்ன வெள்ளைச் சர்ச். யாரும் அவசரமாகப் போகவில்லை. ஒரு பெண் பால்கனியில் போர்வையை உதறினாள், அந்தச் சத்தம் எனக்கு வந்து சேர நேரமாயிற்று. அந்த ஊரின் சாய்ந்த கோபுரத்தை நான் பார்க்கவில்லை. அது எந்தத் திசையில் இருக்கும் என்று ஊகித்து அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக உன் கல்யாண நாள் வந்தது. அன்று காலை பத்து மணிக்குத் தானியக் கப்பல் ஒன்று வருகிறது, லீவு கிடைக்கவில்லை என்று உனக்குச் சொல்லி அனுப்பினேன். நான் லீவு கேட்கவே இல்லை யோலாந்தா. கயிற்றை மாட்டிவிட்டு அந்தத் தூணின் மேலேயே மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். இதை இதுவரை எல்வீராவிடம்கூடச் சொன்னதில்லை.

ஒரு காப்பி குடிக்கலாம் என்று எழுந்தேன். பெஞ்சுக்குப் பின்னால் ஒரு சின்னக் காப்பிக் கடை. என் வயதுள்ள அம்மாள் ஒருத்தி நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன வேணும் உங்களுக்கு?”

“ஒரு காப்பி. கொஞ்சம் ரம் ஊத்தி, எலுமிச்சைத் தோல் போட்டு, சின்னக் கண்ணாடி டம்ளர்ல.”

துணியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “லிவோர்னோவா?”

“வழி தப்பி வந்துட்டேன்.”

“உங்க ஊர்க்காரங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர், பல்லு டாக்டரைப் பாக்க வந்தேன்னார். சாயங்காலம்வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கல. பல்லு நல்லாத்தான் இருந்துது, மூணு கேக் தின்னார்.”

“எங்க ஊர்ல கடல் இருக்கு.”

“இருக்கட்டும். எங்க ஆத்துத் தண்ணிதானே அங்க வந்து சேருது. நாங்க பாத்து முடிச்சதத்தான் நீங்க பாக்கறீங்க.”

ஒரு பீசாக்காரி நம் கடலைத் தன் ஊரின் மிச்சம் என்கிறாள். அந்தக் கோபத்தில் சொல்லிவிட்டேன். “எங்க வீட்டுப் பொண்ணை உங்க ஊர்க்காரன் ஒருத்தன் கட்டிக்கிட்டுப் போயிட்டான். என் தங்கச்சி.”

“சந்தோஷமா இருக்காங்களா?”

“நாப்பத்தோரு வருஷம் ஆச்சு.”

“நான் அதைக் கேக்கல. சந்தோஷமா இருக்காங்களான்னு கேட்டேன்.”

காப்பியைக் குடித்தேன். சகிக்கவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், ஆனால் நன்றாக இருந்தது. நாற்பத்தொரு வருஷமாக உன்னிடம் நான் ஒரு தடவையும் கேட்காத கேள்வியை நாற்காலி துடைக்கிற ஒரு அம்மாள் இரண்டு நிமிஷத்தில் கேட்டுவிட்டாள். மறுபடி பெஞ்சுக்குப் போனேன், வெயில் முழங்காலில் ஏறியது, கண் தானாக மூடியது. அதே பனி, அதே கயிறு. இந்தத் தடவை முனை வந்தது. முனையில் கப்பல் இல்லை. அப்பாவின் தொப்பி முகத்தை மூட, ஐந்து வயதுப் பெண்ணாக நீ நின்றுகொண்டிருந்தாய். “திறக்கலாமாண்ணா?” என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் எல்வீராவின் குரல் கேட்டு விழித்துக்கொண்டேன்.

அவள் இரண்டரை மணி நேரமாக என்னைத் தேடியிருக்கிறாள். நிலையத்தில் விசாரித்தபோது அந்தப் பெண், “கண்ணு தெரியாத, கால் இழுக்கிற, வாய் பேசாத தாத்தாவா?” என்று கேட்டாளாம். “வாய் பேசாதவரா? அப்ப அது என் வீட்டுக்காரர் இல்ல” என்று சொல்லிவிட்டு இவள் வேறு பக்கம் தேடப் போயிருக்கிறாள். பிறகு சந்தேகம் வந்து ஆற்றோரம் வந்திருக்கிறாள். நான் அந்த ஊரில் வைத்துக் கண்ணைத் திறந்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் எழுந்திருக்க மனம் வரவில்லை என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன். இது இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம். சந்தையில் எனக்கு மீன் தரமாட்டார்கள்.

லூக்காவை நாங்கள் பார்க்கவே இல்லை. பார்க்காத ஊருக்கு உன்னை எப்படி அனுப்புவது? ஆகவே லூக்காவும் வேண்டாம். பீசாவைப் பற்றிப் பேச்சே இல்லை. மேலே எழுதியதை வைத்து நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. ஆறு அழகாக இருந்தால் அது ஆற்றின் குணம், ஊருக்கு அதில் பங்கில்லை.

மிஞ்சுவது நான்காவது கட்டம். துறைமுகத்திலேயே ஓய்வு என்று குறி போடு. ஆனால் ஓய்வு எடுக்காதே, வீட்டுக்கு வா. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். எட்டு மணிக்கு வாசலில் நிற்பேன். எல்வீரா முதல் நாளே ஐந்து வகை மீனையும் வாங்கி, தக்காளியும் மிளகாயும் போட்டு நம் ஊர்ச் சிவப்புக் குழம்பு வைத்துவிடுவாள். பூண்டு தேய்த்த ரொட்டியைத் தட்டில் வைத்து அதன்மேல் ஊற்றி, நீ சின்ன வயதில் கண்ணில் நீர் வரச் சாப்பிடுவாயே, அதே மாதிரி சாப்பிடலாம். பிறகு கடலோரம் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத் தளத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருக்கலாம். அவனும் வரட்டும். கை வைத்த நாற்காலி ஒன்று வாங்கியிருக்கிறேன், மடக்கி எடுத்துப்போகிற மாதிரி. அவனுக்கென்று வாங்கவில்லை. இவ்வளவு நாள் காலை இழுத்ததில் எனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது, டாக்டர் ஏன் என்று கேட்டார், நான் சொல்லவில்லை.

உன் பிள்ளைகளுக்கும் பேரக்குழந்தைகளுக்கும் என் முத்தங்கள். நல்ல காற்றும் நல்ல கடலும் உன் கப்பலுக்குக் கிடைக்கட்டும், உன் முழங்கால் வலி கடலிலேயே விழட்டும், அம்மாவும் அப்பாவும் இருக்கிற இடத்திலிருந்து உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

என்றும் உன் அண்ணன்,
சீரியோ

பின்குறிப்பு: உறையில் ஒட்டத் தபால்தலை தேடிக்கொண்டிருந்தேன். எல்வீரா அடுப்படியில் உப்பு டப்பாவை எடுத்திருக்கிறாள், அடியில் இருந்ததையும் எடுத்திருக்கிறாள். நான் காதைப் பொத்திக்கொள்வதற்குள் சத்தமாகப் படித்துவிட்டாள். நீ அதைப் படித்தாயா இல்லையா எனக்குத் தெரியாது, அதனால் அப்படியே எழுதுகிறேன்:

'மச்சான் சீரியோவுக்கு வணக்கம். எந்த ஊர் என்று நீங்களே முடிவு செய்யுங்கள், எனக்குச் சம்மதம். ரயிலில் போகிற ஊராக இருந்தால் மட்டும் எனக்கு ஜன்னலோரம் ஓர் இடம் பார்த்துக் கொடுங்கள். பீசா நிலையத்தில் வண்டி ஐந்து நிமிஷம் நிற்கும். இறங்க வேண்டியதில்லை. அங்கே நீங்கள் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம் என்று யோலாந்தா சொல்லியிருக்கிறாள். மூடிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன்.'

படித்துவிட்டு எல்வீரா அடுப்படித் துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கையெழுத்து கோணல்னு சொன்னீங்களே, கோணல் இல்லைங்க. கை நடுங்கியிருக்கு.” நான் அதை வாங்கி வாய்க்குள்ளேயே இன்னொரு தடவை படித்தேன். அவள் நினைத்தாள், வாய் பேசாத தாத்தா மறுபடி வந்துவிட்டார் என்று.

யோலாந்தா, மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிடு. ஃப்ளோரன்ஸும் வேண்டாம், லிவோர்னோவும் வேண்டாம். ஃபாரத்தில் எதில் வேண்டுமானாலும் குறி போட்டுக்கொள், அவர்கள் பஸ் நமக்குத் தேவையில்லை. எட்டு மணிக்கு நானும் எல்வீராவும் துறைமுக வாசலில் நிற்போம். ரயிலில் போகிறோம். ஜன்னலோரம் மாப்பிள்ளைக்கு. பீசாவில் இறங்குகிறோம், ஐந்து நிமிஷம் இல்லை, மாலை நாலு மணிவரை இருக்கிறோம். அங்கிருந்து ஆற்றுக்கு, இடது காலை இழுத்துக்கொண்டு நடந்தால் முப்பத்தைந்து நிமிஷம், நடந்து பார்த்தவன் சொல்கிறேன். வழியில் ஒரு படி இருக்கிறது, நான் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன். நாற்காலியை நான் தூக்கிக்கொள்கிறேன், குழம்புச் சட்டியைத் துணியில் கட்டி எல்வீரா எடுத்து வருவாள். எனக்கு ஒரு பெஞ்சு தெரியும். ஒரு காப்பிக்காரியையும் தெரியும், அவள் கேட்ட கேள்விக்கு நீயே நேரில் வந்து பதில் சொல்.

அப்புறம், தொப்பிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாயே. திறக்கலாம் யோலாந்தா. எப்போதோ திறந்திருக்கலாம், நான்தான் சொல்லவில்லை.

மாப்பிள்ளையிடம் ஒன்று மட்டும் சொல்லிவை. அந்தக் கோபுரத்தை அவர் ஆசைதீர எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும். நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறேன்.